ரோன் ஆற்றில் கொட்டிய சாம்பல்

விசுவாசத்தின் வழித்தடம் – பகுதி 11

சிமிர்னா நகரில் முதியவர் பொலிகார்ப்பை எரித்த பிறகு, அங்கிருந்த கிறிஸ்தவர்கள் அவருடைய எலும்புகளைப் பொறுக்கியெடுத்துத் தகுந்த இடத்தில் வைத்தார்கள்; அவர் இறந்த நாளில் ஆண்டுதோறும் அங்கே கூடுவதென்றும் முடிவெடுத்தார்கள். சென்ற பகுதியை அங்கேதான் நிறுத்தினோம். அது நடந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து, இன்றைய பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்தில், கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள் ஓர் எலும்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை. ஆத்திரம் அடங்காமல் செய்த காரியம் என்று இதைக் கடந்துபோய்விட முடியாது. இறந்தவர்கள் உயிரோடு எழுவார்கள் என்று இந்த ஜனங்கள் நம்புகிறார்கள். எழுவதற்கு எதுவுமே இல்லாமல் செய்துவிட்டால் அந்த நம்பிக்கை செத்துவிடும் என்று கணக்குப் போட்டுச் செய்த காரியம் அது.

நடந்தது கி.பி. 177இல். நமக்கு அதைச் சொல்வது ஒரு கடிதம். லியோனிலும், அதற்குத் தெற்கே ரோன் ஆற்றங்கரையில் உள்ள வியன் நகரிலும் உயிரோடு மிஞ்சிய கிறிஸ்தவர்கள், ஆசியா மாகாணத்திலும் பிரிகியா பகுதியிலும் இருந்த சகோதரர்களுக்குக் கிரேக்க மொழியில் அதை எழுதினார்கள். இவை இரண்டும் இன்றைய துருக்கிக்குள் அடங்கும். பிரான்சிலிருந்து அவ்வளவு தொலைவுக்கு ஏன் எழுத வேண்டும்? லியோன் சபையில் பலர் அந்தப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். ஊருக்குச் சாவுச் செய்தி சொல்லியனுப்புவதுபோல அவர்கள் எழுதினார்கள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செசரியாவின் ஆயர் யூசேபியஸ் தமது திருச்சபை வரலாற்றின் ஐந்தாம் புத்தகத்தில் அதன் பெரும்பகுதியை அப்படியே எடுத்தெழுதி வைத்தார். அவர் வைத்திருக்காவிட்டால் பிளாந்தீனா என்ற பெயர் நமக்குத் தெரிந்திருக்காது.

ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது லியோன். ரோமர் அதை லுக்டூனும் என்றார்கள். கி.மு. 43இல் குடியேற்றமாகத் தொடங்கிய அந்த ஊர், இன்றைய பிரான்சை உள்ளடக்கிய கால் (Gaul) நாட்டு மாகாணங்களின் தலைநகரம்போல் வளர்ந்தது. ஆறுகள் கூடும் இடத்துக்கு அருகே ரோமுக்கும் அகஸ்டஸ் பேரரசருக்கும் ஒரு பெரிய பலிபீடம் கட்டியிருந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மூன்று கால் மாகாணங்களின் பிரதிநிதிகளும் அங்கே கூடுவார்கள். திருவிழா, சந்தை, விளையாட்டு எல்லாம் ஒன்றாக நடக்கும். பக்கத்தில் குரூவா ரூஸ் மேட்டுச் சரிவில் வட்டரங்கம். அதைக் கட்டிக்கொடுத்தவர் யார் என்று சொல்லும் கல்வெட்டு 1958இல் கிடைத்தது: காயுஸ் யூலியுஸ் ரூஃபுஸ் என்ற பிரமுகர், கி.பி. 19. இன்றும் அந்த இடிபாடுகளின் நடுவில் போய் நிற்கலாம்.

துன்புறுத்தல் ஒரே நாளில் வெடித்ததல்ல. முதலில் பொதுக் குளியலறைகளிலும் சந்தையிலும் கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. பிறகு அவர்கள் எங்கே தலைகாட்டினாலும் அடி, கல்லெறி, கொள்ளை. அப்புறம் பொதுச்சதுக்கத்துக்கு இழுத்துவந்து ஊர் முன்னிலையில் விசாரித்துச் சிறையில் அடைத்தார்கள். ஆளுநர் வந்ததும் வழக்கு முறைப்படி தொடங்கியது. வெத்தியுஸ் எபகாத்துஸ் என்ற இளைஞர் எழுந்து, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகப் பேச அனுமதி கேட்டார். நீயும் கிறிஸ்தவனா என்று மட்டும் ஆளுநர் கேட்டார். ஆம் என்றதும் அவரையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள்.

சாட்டிய குற்றங்கள் அருவருப்பானவை. கிறிஸ்தவர்கள் குழந்தைகளைத் தின்கிறார்கள், உடன்பிறந்தவர்களோடு முறைகேடாக நடக்கிறார்கள் என்றது ஊர்ப்பேச்சு. மூடிய கதவுக்குள் கூடுவது, சரீரம் இரத்தம் என்று பேசுவது, சகோதரன் சகோதரி என்று அழைத்துக்கொள்வது, இத்தனையும் சேர்ந்து வெளியே அப்படி உருவெடுத்தன. கிறிஸ்தவர்களின் வீடுகளில் வேலை செய்த கிறிஸ்தவரல்லாத அடிமைகளைப் பிடித்து வந்தபோது, சித்திரவதைக்குப் பயந்து அவர்களும் ஆமாம் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை நடுநிலையாக இருந்த உறவினர்களும் நண்பர்களும்கூட அதன்பின் முகம் திருப்பிக்கொண்டார்கள்.

கைதானவர்களில் ஏறக்குறைய பத்துப் பேர் விசுவாசத்தை மறுதலித்தார்கள். இதைக் கடிதம் மறைக்கவில்லை. வெளியே இருந்தவர்கள் சித்திரவதையைவிட இதற்குத்தான் நடுங்கினார்கள், அடுத்து யார் விழுவாரோ என்று. என் பார்வையில் இந்தக் கடிதத்தின் நேர்மைக்கு இதுவே முதல் அடையாளம். தோற்றவர்களைக் கணக்கில் சேர்த்துச் சொல்கிறவர்கள் சொல்லும் வெற்றியை நம்பலாம்.

ஆயர் பொத்தீனுஸுக்கு 90 வயது தாண்டிவிட்டது. மூச்சு விடவே சிரமப்படும் நோயாளி. படைவீரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். கிறிஸ்தவர்களின் கடவுள் யார் என்று ஆளுநர் கேட்டதற்கு, நீர் தகுதியுள்ளவரானால் அறிந்துகொள்வீர் என்று பதில் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் கையாலும் காலாலும் அடித்தார்கள், தூரத்தில் இருந்தவர்கள் கைக்குக் கிடைத்ததை வீசினார்கள். சிறையில் இரண்டு நாள் கழித்து இறந்தார். வியன் நகரின் தியாக்கோன் சங்துஸ் எந்தக் கேள்விக்கும் பெயரோ ஊரோ சொல்லவில்லை. நான் கிறிஸ்தவன் என்ற ஒரே பதிலை லத்தீனில் சொல்லிக்கொண்டிருந்தார். பழுக்கக் காய்ச்சிய பித்தளைத் தகடுகளை அவர் உடம்பில் வைத்தார்கள்.

பிளாந்தீனா ஓர் அடிமைப் பெண். அவளுடைய எஜமானியும் அந்தக் கைதிகளில் ஒருத்தி. உடம்பு மெலிந்த இந்தப் பெண்ணால் வாய்திறந்து அறிக்கை செய்ய முடியுமா என்று அந்த எஜமானி உள்ளுக்குள் கலங்கினாள். மற்றவர்களுக்கும் அதே பயம். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆள் மாற்றி ஆள் வதைத்தார்கள். கடைசியில் வதைத்தவர்களே களைத்துப்போய், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். நான் கிறிஸ்தவள், எங்களிடத்தில் தீமை எதுவும் நடப்பதில்லை என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குப் புதிய பலம் வந்தது என்கிறது கடிதம். ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். எஜமானியும் இரத்தசாட்சியாகப் போராடினாள் என்று எழுதியவர்கள் அவள் பெயரை எழுதவில்லை. அடிமையின் பெயரைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்கள். ரோமச் சமுதாயத்தில் அடிமைக்குக் கொடுத்த இடத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும்.

பிப்லிஸ் என்ற பெண் முதலில் மறுதலித்தவர்களில் ஒருத்தி. மற்றவர்களைக் காட்டிக்கொடுக்க வைக்கலாம் என்று அவளை மறுபடியும் வதைத்தார்கள். தூக்கத்திலிருந்து விழித்தவள்போல அவள் திருப்பிக் கேட்டாள்: மிருகங்களின் இரத்தத்தைக்கூட உண்ணக்கூடாது என்று இருக்கும் நாங்கள் குழந்தைகளை எப்படித் தின்போம்? அந்தக் கணத்திலிருந்து அவளும் இரத்தசாட்சிகளின் வரிசையில் நின்றாள்.

மறுதலித்தவர்களையும் ஆளுநர் விட்டுவிடவில்லை. கொலைக் குற்றவாளிகள் என்று அதே சிறையில்தான் வைத்திருந்தார். அங்கே உறுதியாக நின்றவர்கள் விழுந்தவர்களை ஏசவில்லை, தங்களை உயர்த்திக்கொள்ளவும் இல்லை. அவர்களுக்காக அழுது ஜெபித்தார்கள். தங்களை இரத்தசாட்சிகள் என்று யாராவது அழைத்தால் கண்டித்தார்கள். அந்தப் பெயர் கிறிஸ்துவுக்கும், ஏற்கெனவே மரித்தவர்களுக்கும் உரியது என்றார்கள். மறுதலித்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் விசாரணையில் திரும்ப வந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்று அறிக்கை செய்ததற்கு அந்த அழுகைதான் காரணம் என்பது என் எண்ணம். நித்திய ஜீவன் உண்டு என்று நம்புகிறவர்கள் பலவீனமான சகோதரனை நடத்தும் விதத்தில் அந்த நம்பிக்கை தெரிய வேண்டும். லியோன் சிறையில் அது தெரிந்தது.

வழக்கு நடுவில் ஒரு சிக்கல். பெர்கமூ ஊரைச் சேர்ந்த அத்தாலுஸ் ரோமக் குடியுரிமை பெற்றவர் என்று தெரியவந்தது. ஆளுநர் தண்டனையை நிறுத்திவைத்துப் பேரரசருக்கு எழுதினார். பேரரசர் மார்க்கஸ் அவ்ரேலியஸ். அவரைக் கொடுங்கோலன் என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்தோயிக் தத்துவத்தில் ஊறியவர். தமக்காகவே கிரேக்கத்தில் எழுதிவைத்த சிந்தனைகளை இன்றும் உலகம் படிக்கிறது. பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் சிறுவயதிலேயே பறிகொடுத்த தகப்பன். சாவைப் பற்றி அவர் ஓயாமல் சிந்தித்தார். அவர் கண்ட முடிவு, உயிர்ப்பொருளை ஆக்கிய மூலப்பொருள்கள் பிரிந்து தத்தம் இடத்துக்குத் திரும்புகின்றன, இயற்கையானதில் தீமை எதுவும் இல்லை, அமைதியாக ஏற்றுக்கொள் என்பது. கம்பீரமான முடிவுதான். ஆனால் அதில் இறந்த குழந்தை திரும்பக் கிடைப்பதில்லை. அவரிடமிருந்து வந்த பதில் சுருக்கமானது: மறுதலித்தால் விடுதலை, அறிக்கை செய்தால் மரணம்.

பதில் வந்தபோது திருவிழா தொடங்கிவிட்டது. ரோமக் குடிகள் என்று தெரிந்தவர்களைத் தலை வெட்டினார்கள். மற்றவர்களை வட்டரங்கத்துக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ இதே காலத்தில் வாள்வீரர் விளையாட்டுகளுக்கு ஆகும் செலவைக் குறைக்க ரோமில் ஒரு சட்டம் போட்டார்கள்; அதன் பகுதிகள் ஸ்பெயினின் இத்தாலிகா ஊரில் வெண்கலத் தகட்டில் கிடைத்தன. விலை கொடுத்து வாள்வீரரை எடுப்பதற்குப் பதிலாக மரண தண்டனைக் கைதிகளை மலிவாகப் பயன்படுத்திக்கொண்டார்கள், லியோன் கொலைகளுக்கு அதுவும் ஒரு காரணம் என்று சில வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்து அல்ல.

ஆளுநர் கூட்டத்தைத் திருப்திப்படுத்துவதற்காக, ரோமக் குடியான அத்தாலுஸையும் விலங்குகளிடம் விட்டார். பழுக்கக் காய்ச்சிய இரும்பு நாற்காலியில் உட்கார்த்தி, உடம்பு கருகும் புகை எழுந்தபோது, மனிதரைத் தின்பது என்றால் நீங்கள் செய்கிற இதுதான், நாங்கள் அல்ல என்று அவர் லத்தீனில் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பிரிகியாவிலிருந்து வந்து பல ஆண்டுகள் கால் நாட்டில் வைத்தியம் பார்த்த அலெக்சாந்தர் அவரோடு இறந்தார். ஒரு முனகல்கூட இல்லை.

பிளாந்தீனாவை முன்பே ஒருநாள் கம்பத்தில் கட்டி விலங்குகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தார்கள். சிலுவை வடிவில் தொங்கிய அந்தப் பெண்ணில், அரங்கில் இருந்த மற்ற கைதிகள் தங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டவரையே கண்டார்கள். அன்று எந்த விலங்கும் அவளைத் தொடவில்லை. கடைசி நாளில் அவளையும் பொந்திகுஸ் என்ற 15 வயதுப் பையனையும் கொண்டுவந்தார்கள். அதுவரை ஒவ்வொரு நாளும் மற்றவர்கள் சாவதைப் பார்க்க இந்த இருவரையும் கூட்டிவந்திருந்தார்கள், பயந்து மனம் மாறுவார்கள் என்று. அவள் அக்காவைப்போல அருகில் நின்று அவனைத் தேற்றினாள். அவன் முதலில் போனான். பிறகு அவளைச் சாட்டையால் அடித்து, விலங்குகளிடம் விட்டு, சூடான இரும்பில் உட்கார்த்தி, முடிவில் வலைக்குள் சுற்றிக் காளை முன்னால் போட்டார்கள். காளை முட்டித் தூக்கி எறிந்தது. எங்கள் பெண்களில் ஒருத்தியும் இவ்வளவு அனுபவித்ததில்லை என்று பார்த்தவர்களே பேசிக்கொண்டார்கள்.

இனி உடல்கள். மரண தண்டனை பெற்றவரின் உடலைக் கேட்டால் கொடுத்துவிடுவது ரோமரிடையே பொதுவழக்கம். அரசத் துரோகம் போன்ற சில குற்றங்களில் மட்டும் மறுப்பார்கள். இங்கே மறுத்தார்கள். சிறையில் மூச்சுமுட்டி இறந்தவர்களை நாய்களுக்குப் போட்டு, கிறிஸ்தவர்கள் எடுத்துவிடாதபடி இரவும் பகலும் காவல் வைத்தார்கள். விலங்குகளும் நெருப்பும் மிச்சம் வைத்தவற்றையும் வெட்டுண்ட தலைகளையும் முண்டங்களையும் வெட்டவெளியில் போட்டுப் படைவீரரை நிறுத்தினார்கள். கிறிஸ்தவர்கள் இரவில் வந்து பார்த்தார்கள், பணம் கொடுத்துப் பார்த்தார்கள், காலில் விழுந்து கேட்டார்கள். பலிக்கவில்லை. சிலர் பிணங்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்கள். கொஞ்சம் இரக்கம் உள்ளவர்கள்கூட, இவர்கள் உயிரைவிட மேலாக எண்ணிய அந்தச் சமயத்தால் என்ன பயன், இவர்களுடைய கடவுள் எங்கே என்று கேட்டுக்கொண்டு போனார்கள். ஆறு நாள் அப்படிக் கிடந்தபின் எரித்துச் சாம்பலாக்கி, பக்கத்தில் ஓடும் ரோன் ஆற்றில் கூட்டித் தள்ளினார்கள்.

நம் ஊரில் அஸ்தியை ஆற்றில் கரைப்பது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை. அந்தக் கண்ணோடு இதைப் பார்த்தால் தவறாகிவிடும். லியோனில் சாம்பலை ஆற்றில் தள்ளியவர்கள் காரணத்தை வெளிப்படையாகவே சொன்னார்கள். உயிர்த்தெழுதலில் வைத்த நம்பிக்கையால்தான் இவர்கள் அந்நிய சமயத்தைக் கொண்டுவந்து, சித்திரவதையை இலட்சியம் செய்யாமல், மகிழ்ச்சியோடு சாகிறார்கள். இப்போது எழுகிறார்களா, அவர்களுடைய கடவுள் நம் கையிலிருந்து விடுவிக்கிறாரா பார்ப்போம் என்றார்கள். எதிரிகள் வாயிலிருந்து வந்த இந்தச் சாட்சியத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன். கிறிஸ்தவர்களின் பலம் எதில் இருக்கிறது என்று அவர்கள் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள்.

அந்தக் காலத்து மக்களுக்கு உயிர்த்தெழுதல் எவ்வளவு விசித்திரமாகத் தோன்றியது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஆத்துமா அழியாது என்று சொன்னால் பிளேட்டோவைப் படித்தவர்கள் தலையசைப்பார்கள். சாவோடு எல்லாம் முடிந்தது என்று சொல்கிறவர்களும் நிறைய இருந்தார்கள். முன்பு இல்லை, பிறகு இருந்தேன், இப்போது இல்லை, கவலையும் இல்லை என்ற கருத்தை முதலெழுத்துகளால் மட்டும் கல்லறையில் பொறித்துவிடும் அளவுக்கு அது பழகிப்போன பேச்சு. ஆனால் செத்த உடம்பு எழும் என்று சொன்னால் இரு தரப்பும் சிரித்தது. ஏதென்ஸில் பவுல் பேசியபோது அந்த இடத்தில்தான் கேலி செய்தார்கள். லியோன் கொலைகளை ஒட்டிய ஆண்டுகளில் கிறிஸ்தவத்தை எதிர்த்து நூல் எழுதிய செல்சுஸ், அழுகிப்போன உடம்பைத் திரும்பக் கேட்கும் ஆத்துமா எது, இது புழுக்களுக்கு உரிய நம்பிக்கை என்று எள்ளினார்.

இந்தக் கேள்வி நியாயமானது. எரிந்து சாம்பலாகி ஆற்றோடு போனவர்களை மீன் தின்றிருக்கும், மீனை மனிதன் தின்றிருப்பான். அந்த உடம்பு எங்கிருந்து வரும்? உறவினரின் சாம்பலைக்கூடப் பார்க்காத லியோன் கிறிஸ்தவர்களின் வீடுகளிலும் அது எழுந்திருக்க வேண்டும். சபைக்குள்ளேயே இன்னொரு பதிலும் காத்திருந்தது. ஞானவாதிகள் என்று அழைக்கப்பட்ட குழுக்கள் ரோன் பள்ளத்தாக்கில் ஊடுருவியிருந்தன. உடம்பு இழிந்தது, ஆவி மட்டும் மீட்படையும், ஆகையால் உடம்பு என்ன ஆனால் என்ன என்பது அவர்கள் போதனை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு எவ்வளவு வசதியான ஆறுதல்! அதை ஏற்றிருந்தால் ஆற்றில் போன சாம்பலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. ஆனால் கம்பத்தில் தொங்கிய பிளாந்தீனாவின் உடம்புக்கும் எந்த அர்த்தமும் இருந்திருக்காது.

ஞானவாதிகளின் அந்தப் போதனையை மறுத்து எழுதியவர் இரேனேயு. சிறுவயதில் சிமிர்னாவில் பொலிகார்ப்பின் காலடியில் இருந்து கேட்டவர். லியோன் சபையின் மூப்பர். சிறையில் இருந்தவர்கள் பரிந்துரைக் கடிதம் கொடுத்து அவரை ரோம் ஆயர் எலெவுத்தேரியுஸிடம் அனுப்பினார்கள். திரும்பி வந்தபின் பொத்தீனுஸின் இடத்தில் ஆயரானார். 180ஐ ஒட்டிய ஆண்டுகளில் தப்பறைகளுக்கு எதிராக ஐந்து புத்தகங்கள் எழுதினார். கிரேக்க மூலத்தில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. பழைய லத்தீன் மொழிபெயர்ப்பு முழுதாக இருக்கிறது. ஐந்தாம் புத்தகத்தின் தொடக்க அதிகாரங்கள் முழுக்க உடம்பின் உயிர்த்தெழுதலைப் பற்றியவை.

அவர் வாதம் எளிமையானது. இல்லாத ஒன்றிலிருந்து மனிதனை முதன்முதலில் உண்டாக்குவது கடினமா, இருந்து கலைந்துபோனதை மீண்டும் சேர்ப்பது கடினமா? மண்ணின் தூளை எடுத்து ஒரு பகுதியைக் கண்ணாக, ஒன்றைக் காதாக, கையாக, நரம்பாக, எலும்பாக, இரத்தமாக ஆக்கினாரே, அவருக்கு இது முடியாதா? பூமியில் விளைந்த அப்பமும் இரசமும் கடவுளின் வார்த்தையைப் பெற்று நற்கருணையாகின்றன. அதை உண்டு வளர்ந்த உடம்பு நித்திய ஜீவனுக்குத் தகுதியற்றது என்று எப்படிச் சொல்வது? கோதுமை மணி மண்ணில் விழுந்து கரைந்து பலமடங்காக எழுவதுபோல இந்த உடல்களும் தக்க காலத்தில் எழும். இன்று நம் ஆலயங்களில் ஞாயிறுதோறும் சொல்லும் விசுவாசப் பிரமாணம் ஆத்துமாவின் அழியாமையோடு நின்றுவிடாமல் சரீரத்தின் உயிர்த்தெழுதலை அறிக்கை செய்வதற்கு, இப்படிப் போராடியவர்கள் காரணம்.

கடவுளின் கைக்கு எட்டாத இடம் எது என்று காட்ட அதே புத்தகத்தில் இரேனேயு வேதாகமத்திலிருந்து எடுத்துக்காட்டுகள் தருகிறார். ரோன் ஆற்றையோ சாம்பலையோ அந்த இடத்தில் குறிப்பிடவில்லை. ஆனால் அவர் எடுத்தவற்றில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, ஆழ்கடலில் எறியப்பட்டு மீன் வயிற்றிலிருந்து கரைக்கு வந்த யோனா. மற்றொன்று, ஏழு மடங்கு சூடாக்கிய சூளையில் போடப்பட்டும் சேதமில்லாமல் வெளிவந்த மூன்று இளைஞர்கள். தண்ணீர், நெருப்பு. தம்மோடு அப்பம் பிட்டவர்கள் எரிந்து ஆற்றில் போன ஊரில் உட்கார்ந்து, சில ஆண்டுகளுக்குள், அவர்களுடைய ஆயர் இதை எழுதினார். யாருக்காக எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்த பகுதியில் 203ஆம் ஆண்டு, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம். கைக்குழந்தையோடு சிறையில் இருந்த பெர்பெத்துவா என்ற இளம்பெண் தன் கைப்பட எழுதிவைத்த குறிப்புகள்.